வானில் பறப்பது ட்ரோன்... பதில் சொல்வது யார்?
ஐரோப்பிய விவசாயிகள் பின்பற்றும் ட்ரோன் பதிவு விதிகள்

மே மாதம் பிறந்துவிட்டால் ஜெர்மனியின் மாட்டுப் பண்ணைகளில் முதல் புல் அறுப்பு தொடங்கிவிடும். மான்கள் குட்டி போட்டு, இடுப்பளவு வளர்ந்த புல்லுக்குள் ஒளித்து வைக்கும் காலமும் அதுதான். பிறந்து சில வாரங்களே ஆன மான்குட்டி, ஆபத்து வந்தால் ஓடாது. அப்படியே தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். புல் வெட்டும் இயந்திரம் வந்தாலும் அசையாது. டிராக்டரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் தெரியாது.

அறுபட்ட குட்டியின் உடல் புல்லோடு சேர்ந்து ஊறுகாய்ப் புல்லுக்குள் போய்விட்டால், அதில் உருவாகும் நச்சு மாடுகளுக்கு பாட்டுலிசம் என்ற கொடிய நோயைக் கொண்டு வரும். ஒரு குட்டியைக் கவனிக்காமல் விட்டால் கொட்டகையில் உள்ள மாடுகளுக்கும் ஆபத்து. குட்டி இருக்கக்கூடும் என்று தெரிந்தும் முன்னெச்சரிக்கை எடுக்காமல் அறுத்தால், விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விவசாயி மீது நடவடிக்கை பாயும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோன். விடியற்காலையில், புல் குளிர்ந்திருக்கும்போது பறக்கவிட்டால், குட்டியின் உடல் சூடு திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஆட்கள் போய்க் குட்டியைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு வந்த பிறகு டிராக்டர் இறங்கும். இந்த வகை ட்ரோன் வாங்கும் சங்கங்களுக்கு ஜெர்மனியின் வேளாண் அமைச்சகம் 2021 முதல் மானியமும் கொடுத்து வந்திருக்கிறது.

ஆனால், அந்த ட்ரோன் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும். ட்ரோன் மீது ஓர் எண் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதுதான் ஆபரேட்டர் பதிவு எண். அந்த எண் எதற்கு, யார் வாங்க வேண்டும், சிறு விவசாயிக்கு அதனால் என்ன லாபம், எங்கே சிக்கல் என்பதை வரிசையாகப் பார்ப்போம். வேலைக்கும் படிப்புக்கும் ஐரோப்பா போயிருக்கும் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பயன்படும். ஊரில் வாடகை ட்ரோன் அமர்த்தி மருந்து தெளிப்பவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

ஒரே சட்டம், பல நாடுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். முன்பு ட்ரோனுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி இருந்தது. எல்லை ஓரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு வரப்பைத் தாண்டினால் வேறு சட்டம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 2019-ல் இரண்டு பொது விதித் தொகுப்புகள் வந்தன. ட்ரோனை எப்படித் தயாரிக்க வேண்டும் என்பதற்கு 2019/945. எப்படிப் பறக்கவிட வேண்டும் என்பதற்கு 2019/947. கொரோனாவால் சில மாதங்கள் தள்ளிப்போய், பறப்பதற்கான விதிகள் 2020 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தன. விதிகளை வகுத்து வழிநடத்துவது, ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமை. பதிவு செய்வதும் அபராதம் போடுவதும் அந்தந்த நாட்டு அலுவலகங்கள்.

நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகியவை ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இதே விதிகளைப் பின்பற்றுகின்றன. நம்மவர்கள் கணிசமாக வாழும் சுவிட்சர்லாந்தும் 2023 ஜனவரி 1 முதல் இதில் சேர்ந்துவிட்டது.

பதிவு ட்ரோனுக்கா, ஆளுக்கா?

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். நம் நாட்டில் 2021 ட்ரோன் விதிகளின்படி, ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி அடையாள எண் வாங்க வேண்டும். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. ஐரோப்பாவில் சாதாரணப் பயன்பாட்டுக்கு ட்ரோன் பதிவு செய்யப்படுவதில்லை. ஆபரேட்டர்தான் பதிவு செய்யப்படுகிறார். ஒருவரிடம் 5 ட்ரோன் இருந்தாலும் எண் ஒன்றுதான். அதையே ஐந்திலும் ஒட்ட வேண்டும்.

ஆபரேட்டர் என்பவர் யார்? ட்ரோனை வைத்து வேலை செய்கிறவர், செய்விக்கிறவர். அதாவது அந்தப் பறத்தலுக்குப் பொறுப்பாளி. பைலட் என்பவர் கையில் ரிமோட் பிடித்திருப்பவர். சிறு பண்ணையில் இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். கூட்டுறவுச் சங்கத்தில் சங்கம் ஆபரேட்டர், ஊழியர் பைலட். ஒவ்வொரு முறை பறக்கும்போதும் பைலட் யார் என்று ஆபரேட்டர் குறித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது விதி. 'யார் பறக்கவிட்டார்கள் என்றே தெரியாது' என்று பிறகு கை விரிக்க முடியாது.

யாரெல்லாம் பதிவு செய்ய வேண்டும்?

ட்ரோனின் எடை 250 கிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் பதிவு கட்டாயம். 250 கிராமுக்குக் கீழே இருந்தாலும், கேமரா போல மனிதர்களைப் பதிவு செய்யக்கூடிய கருவி இருந்தால் பதிவு செய்ய வேண்டும். பொம்மை என்று சட்டப்படி வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு மட்டும் விலக்கு. வயலைப் படம் எடுக்கும் ட்ரோனில் கேமரா இல்லாமல் இருக்காது. ஆகவே, விவசாய வேலைக்கு என்று இறங்கினால் பதிவு தவிர்க்க முடியாதது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பதிவு செய்வது எந்த நாட்டில்? தனிநபர் என்றால் அவர் வசிக்கும் நாடு. நிறுவனம், சங்கம் என்றால் அதன் தலைமை அலுவலகம் உள்ள நாடு. ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவு வைத்திருக்கக் கூடாது. ஒரு நாட்டில் வாங்கிய எண் மற்ற நாடுகளிலும் செல்லும்.

ஜெர்மனியில் மத்திய விமானப் போக்குவரத்து அலுவலகம், பிரான்ஸில் 'ஆல்ஃபாடாங்கோ' என்ற அரசு இணையதளம், இத்தாலியில் 'டி-ஃபிளைட்', ஆஸ்திரியாவில் 'ஆஸ்ட்ரோ கன்ட்ரோல்' என்று நாட்டுக்கு ஒரு வாசல். எல்லாமே இணையம் வழியாகத்தான். பிரான்ஸில் பதிவு இலவசம். ஜெர்மனியில் கட்டணம் உண்டு.

கேட்கும் விவரங்கள் அதிகம் இல்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண். நிறுவனம் என்றால் அதன் பதிவு எண். காப்பீடு கட்டாயமாக உள்ள இடங்களில் காப்பீட்டுப் பாலிசி எண். ஜெர்மனியில் எந்த எடை ட்ரோனாக இருந்தாலும் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பறக்கவிட முடியாது. முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் பதிவிலும் மாற்ற வேண்டும்.

எண்ணில் ஒரு ரகசியம்

பதிவு முடிந்ததும் வரும் எண், நாட்டைக் குறிக்கும் 3 எழுத்துகளில் தொடங்கும். பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த 13 குறிகள். அதன் பின்னே ஒரு சிறு கோடு போட்டு, மேலும் 3 குறிகள் இருக்கும். இந்தக் கடைசி மூன்றும் ரகசியம். ஏ.டி.எம் கார்டின் பின் நம்பரைப் போல. ட்ரோன் மீது ஒட்டும்போது இந்த மூன்றையும் எழுதக் கூடாது.

அவை எதற்கு என்றால், புதிய ட்ரோன்களில் 'ரிமோட் ஐ.டி' என்ற வசதி இருக்கிறது. பறக்கும்போதே தன் எண்ணையும் இருக்குமிடத்தையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகும். அந்த அமைப்பில் எண்ணைப் பதியும்போது ரகசியக் குறிகளையும் கொடுத்தால்தான் ஏற்றுக்கொள்ளும். அடுத்தவர் ட்ரோனில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதிப் போட்டு ஏமாற்ற முடியாது.

வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய வகை

பறத்தலை மூன்று பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். ஆபத்து குறைந்தது 'திறந்த பிரிவு'. ஆபத்து கூடினால் 'குறிப்பிட்ட பிரிவு'. ஆட்களை ஏற்றிச் செல்வது போன்றவை 'சான்றிதழ் பிரிவு'. விவசாயிக்கு முதல் இரண்டும்தான் தேவை.

திறந்த பிரிவில் முன் அனுமதி வேண்டியதில்லை. பதிவும், பைலட்டுக்கான பயிற்சியும் போதும். ஆனால் கட்டுப்பாடுகள் உண்டு. எடை 25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பைலட்டின் கண் பார்வையிலேயே இருக்க வேண்டும். பறக்கும்போது எதையும் கீழே போடக் கூடாது.

திறந்த பிரிவுக்குள் ஏ-1, ஏ-2, ஏ-3 என்று மூன்று உட்பிரிவுகள். புதிய ட்ரோன்களில் சி-0 முதல் சி-4 வரை வகை முத்திரை இருக்கும். 250 கிராமுக்குக் கீழே சி-0. 900 கிராமுக்குக் கீழே சி-1. 4 கிலோவுக்குக் கீழே சி-2. 25 கிலோவுக்குக் கீழே சி-3, சி-4. சி-0, சி-1 ட்ரோன்களை ஏ-1-ல் ஊருக்கு அருகிலும் பறக்கவிடலாம். கூட்டத்துக்கு மேலே கூடாது. சி-2 ட்ரோன் ஏ-2-ல் வரும்; வேலையில் சம்பந்தப்படாத ஆட்களிடமிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஏ-3 என்பது ஊரை விட்டு விலகிப் பறப்பது. வீடுகள், கடைகள், ஆலைகள், பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றிலிருந்து 150 மீட்டர் இடைவெளி வேண்டும்.

சிறு விவசாயிக்குச் சிக்கல் இங்கேதான். பெரும் பண்ணைக்காரருக்கு 150 மீட்டர் ஒரு பொருட்டில்லை. ஊரை ஒட்டி 2 ஏக்கர் வைத்திருப்பவருக்கோ, நிலம் முழுவதுமே அந்த 150 மீட்டருக்குள் அடங்கிவிடும். முத்திரை இல்லாத பழைய ட்ரோன் 250 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், 2024 ஜனவரி 1 முதல் அது ஏ-3-ல் மட்டுமே பறக்க முடியும். விலை மலிவு என்று முத்திரை இல்லாத பழைய ட்ரோனை வாங்கினால், சொந்த நிலத்தின் மேலேயே பறக்கவிட முடியாமல் போகலாம். ஆகவே வாங்கும் முன் இரண்டு கேள்வி: என் நிலத்துக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம்? இந்த ட்ரோனில் என்ன முத்திரை இருக்கிறது?

பைலட்டுக்கு ஒரு தேர்வு

250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்குக் கையேட்டைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதும். அதற்கு மேல் என்றால், இணையத்தில் பாடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். 40 கேள்விகள், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை, 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஏ-2-க்குக் கூடுதலாக 30 கேள்விகள் கொண்ட தேர்வும், சுயமாகச் செய்த செய்முறைப் பயிற்சியும் வேண்டும். சான்று 5 ஆண்டுகள் செல்லும். பைலட்டுக்கு வயது 16 ஆகியிருக்க வேண்டும்; நாடுகள் விரும்பினால் குறைத்துக்கொள்ளலாம். குடித்துவிட்டுப் பறக்கவிடக் கூடாது. ஆள் ஏறிய விமானமோ ஹெலிகாப்டரோ வந்தால் வழிவிட வேண்டும். தீயணைப்பு, மீட்பு வேலை நடக்கும் இடத்தில் குறுக்கே போகக் கூடாது. தடை செய்யப்பட்ட பகுதிகளைக் காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு நாடும் வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பார்ப்பது பைலட்டின் கடமை.

மருந்து தெளிக்க வேண்டுமென்றால் கதையே வேறு

'பறக்கும்போது எதையும் கீழே போடக் கூடாது' என்ற வரியை மறுபடி நினைத்துப் பாருங்கள். மருந்தும் கீழே விழுகிற பொருள்தான். விதையும், உரமும் அப்படியே. மக்காச்சோளத்தில் தண்டுத்துளைப்பானைக் கட்டுப்படுத்த ஜெர்மனி, பிரான்ஸ் விவசாயிகள் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணிகளைச் சிறு உருண்டைகளில் அடைத்து ட்ரோனிலிருந்து போடுகிறார்கள். நாம் கரும்பில் அட்டையாகக் கட்டும் அதே குடும்பத்து ஒட்டுண்ணிதான். ரசாயனமே இல்லாத அந்த வேலையும் திறந்த பிரிவில் அடங்காது. 'குறிப்பிட்ட பிரிவு'க்குப் போக வேண்டும்.

அங்கே பதிவு மட்டும் போதாது. வேலையால் வரக்கூடிய ஆபத்தை மதிப்பிட்டு, பதிவு செய்த நாட்டின் விமானப் போக்குவரத்து அலுவலகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். இந்தச் சுமையைக் குறைக்க, விவசாய வேலைகளுக்கென்று முன்கூட்டியே ஆபத்து மதிப்பீடு செய்யப்பட்ட மாதிரி வடிவம் ஒன்றை ஐரோப்பிய முகமை வெளியிட்டிருக்கிறது. அதில் உள்ள நிபந்தனைகளுக்குள் வேலை செய்தால், மதிப்பீட்டை முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை.

பூச்சிக்கொல்லி என்றால் இன்னொரு பூட்டும் இருக்கிறது. 2009-ல் வந்த 2009/128 என்ற ஐரோப்பிய உத்தரவு, வானிலிருந்து பூச்சிக்கொல்லி தெளிப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. ட்ரோனும் இந்தத் தடைக்குள் வந்துவிட்டது. வேறு வழியே இல்லாத இடத்திலும், தரையிலிருந்து தெளிப்பதைவிட மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் தீங்கு குறைவு என்று காட்ட முடிந்த இடத்திலும் மட்டும் விலக்கு கிடைக்கும்.

அந்த விலக்குக்குக் காத்திருப்பவர்களில் முக்கியமானவர்கள் மலைச்சரிவில் திராட்சை வைத்திருக்கும் சிறு விவசாயிகள். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் சில தோட்டங்கள் ஏணி வைத்தது போல் செங்குத்தாக நிற்கும். டிராக்டர் ஏறினால் புரளும். முதுகில் தெளிப்பானைச் சுமந்து ஏறினால் மூச்சு வாங்கும்; மருந்தும் உடம்பிலேயே படியும். அங்கே நெடுங்காலமாக ஹெலிகாப்டர் வைத்துத் தெளித்து வந்தார்கள். இப்போது ட்ரோனும் வருகிறது. பிரான்ஸ் இதற்காகவே 2025 ஏப்ரலில் ஒரு சட்டம் கொண்டு வந்தது. 20 சதவீதமும் அதற்கு மேலும் சரிவுள்ள நிலம், வாழைத் தோட்டம், திராட்சை வேர்க்கன்றுத் தாய்த் தோட்டம் ஆகியவற்றில் நிபந்தனைகளோடு ட்ரோன் தெளிப்புக்கு அது வழி செய்கிறது. காற்றில் மருந்து பக்கத்து வீட்டுக்கும் தேன்கூட்டுக்கும் போகும் என்று எதிர்ப்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள். சரிவில் உழைப்பவரின் உயிரும் உடல்நலமும் ஒரு பக்கம். கீழே குடியிருப்பவரின் மூச்சுக்காற்று மறுபக்கம். இரண்டையும் ஒதுக்க முடியாததால்தான் விதி இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

நம்மூரில் 10 லிட்டர் டேங்க் கொண்ட ட்ரோன் மருந்து தெளிப்பது இப்போது பழகிய காட்சி. 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தின் இலக்கு, 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பது. வாடகைக்கு ஆள் வருகிறார். சில நிமிடங்களில் ஏக்கர் முடிகிறது. பணம் வாங்கிக்கொண்டு போகிறார். பக்கத்து வயலின் பயிர் கருகினாலோ, ட்ரோன் யார் தலையிலாவது விழுந்தாலோ யாரைக் கேட்பது என்று எத்தனை பேர் முன்கூட்டியே விசாரிக்கிறோம்?

ஐரோப்பியப் பதிவின் அடிப்படை அந்தக் கேள்விதான். எண் ஒட்டிய ட்ரோனுக்குப் பின்னால் முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ள ஒரு பொறுப்பாளி இருக்கிறார். நம் சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. வாடகைக்கு அமர்த்தும்போது ட்ரோனின் தனி அடையாள எண், பைலட்டின் சான்றிதழ், காப்பீடு ஆகிய மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை. ஒழுங்காகத் தொழில் செய்பவர் தயங்காமல் காட்டுவார்.

கேள்வி - பதில்

கேள்வி: மகன் ஆஸ்திரியாவில் பண்ணைப் பயிற்சியில் இருக்கிறான். இந்தியாவில் வாங்கிய ட்ரோன் பைலட் சான்றிதழ் அங்கே செல்லுமா?
பதில்: செல்லும் என்று நம்பி ட்ரோனை எடுக்க வேண்டாம். அங்கேயே இணையத்தில் பாடம் படித்துத் தேர்வு எழுதுவதுதான் வழி. இந்திய அனுபவம் தேர்வை எளிதாக்கும், தேர்வுக்கு மாற்றாகாது.

கேள்வி: சுற்றுலாவாகப் போகிறவரும் பதிவு செய்ய வேண்டுமா?
பதில்: ஆம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர், முதலில் எந்த உறுப்பு நாட்டில் பறக்கவிடப் போகிறாரோ அங்கே பதிவு செய்ய வேண்டும். 249 கிராம் ட்ரோன்தானே என்று விட்டுவிட வேண்டாம். கேமரா இருந்தால் பதிவு உண்டு.

கேள்வி: வீட்டில் கணவன், மனைவி இருவரும் ஒரே ட்ரோனை இயக்கினால்?
பதில்: ஆபரேட்டர் பதிவு ஒன்று போதும்; ஒருவர் பெயரில் இருக்கலாம். பைலட் சான்று மட்டும், தேவைப்படும் எடையில், இருவருக்கும் தனித்தனியாக வேண்டும்.

கேள்வி: ட்ரோனை விற்றுவிட்டால் எண் என்ன ஆகும்?
பதில்: எண் உங்களுடையது, ட்ரோனுடையது அல்ல. விற்கும் முன் ஒட்டியதை உரித்துவிடுங்கள். ரிமோட் ஐ.டி-யிலும் அழித்துவிடுங்கள். மறந்தால், வாங்கியவர் செய்யும் தவறுக்கு முதல் விசாரணை உங்கள் வீட்டுக்கு வரும்.

கேள்வி: வேலை மாறி பிரான்ஸிலிருந்து ஜெர்மனிக்குக் குடிபோனால்?
பதில்: புதிய நாட்டில் பதிவு செய்து, பழையதை முடித்துக்கொள்ள வேண்டும். பைலட் தேர்வைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. காலாவதியாகும் வரை எல்லா உறுப்பு நாடுகளிலும் அது செல்லும்.

கேள்வி: லண்டனில் இருப்பவர்களுக்கும் இதே விதியா?
பதில்: இல்லை. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகிவிட்டதால் அங்கே தனிப் பதிவு. ஐரோப்பிய எண் அங்கே செல்லாது. அங்குள்ள எண் இங்கே செல்லாது.

ட்ரோன் வாடகை, பயிற்சி, பதிவு தொடர்பாக உங்களுக்குள்ள சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் பதில் தருகிறோம்.